குற்றாலிங்கத்துக்கு வளைகாப்பு

வளையல்காரர் பெட்டியில் இருந்ததிலேயே பெரிய வளையலும் குற்றாலிங்கத்தின் விரல் முட்டிகளைத் தாண்டவில்லை. பல வருடம் தென்காசிப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்த கை அது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். பிறகு சோப்பு நுரை. பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்ததும் பெண்கள் ஒரு நொடி அமைதியானார்கள். அடுத்த நொடி பந்தலே சிரித்தது.

"கையை ஒடுக்குலே. நண்டு மாதிரி விரிச்சு வச்சா எப்படி ஏறும்?" என்றார் அக்கா ஆவுடை.

"இதுக்கு மேல ஒடுக்கினா உடைஞ்சிரும்க்கா. ஆஸ்பத்திரிக்காரங்க வயித்தை மட்டுந்தான் இன்சூர் பண்ணியிருக்காங்க."

சக ஓட்டுநர்கள் காக்கிச் சட்டையோடு நேராகப் பணிமனையிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "வளையல் சத்தம் வயித்துக்குள்ள கேக்கணும்னுதானே போடுதாங்க? கிட்னிக்குக் காது உண்டா அண்ணாச்சி?"

"உமக்கு ரெண்டு காது இருக்கு. என்னைக்காவது ஒரு சொல்லு கேட்டிருக்கீரா?"

"மொதல்ல இதைப் பன்னியிலதான் வளத்துப் பாத்தாங்களாம். சரிப்பட்டு வரலையாம். அடுத்தபடியா உம்மைக் கூப்பிட்டிருக்காங்க."

மறுபடி சிரிப்பு. குற்றாலிங்கத்தின் மனைவி செண்பகம் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாளையங்கோட்டையின் அந்தத் தெருவில் ஆண் ஒருவருக்கு நடந்த முதல் வளைகாப்பு இது. குற்றாலிங்கத்தின் அடிவயிற்றில், வலப்பக்கம், அவருடைய அத்தான், ஆவுடையின் கணவர் உலகநாதனுக்கான சிறுநீரகம் ஏழு மாதமாக வளர்ந்துகொண்டிருந்தது. உலகநாதனின் தோலிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு வித்து செய்திருந்தார்கள். அது கண்ணாடிக் குப்பிக்குள் ஓரளவுக்குத்தான் வளரும். முழு உறுப்பாக வேண்டுமானால் துடிக்கிற இதயமும் ஓடுகிற ரத்தமும் தேவை. நோயாளியின் சொந்த ரத்தத்தில் கழிவு மண்டிக் கிடப்பதால் அங்கே நட்டால் கருகிவிடும். ஆரோக்கியமான இன்னொருவர் எட்டு மாதம் சுமக்க வேண்டும். சுமப்பவரின் உடம்பு அதை அந்நியமென்று தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. விளைந்ததும் எடுத்து, செல்லுக்குச் சொந்தக்காரரிடமே வைத்துவிடலாம். அவருக்கு அதன்பின் மாத்திரையே வேண்டாம், ஏனென்றால் அது அவருடையதேதான்.

ஏழாம் மாதம் என்றதும் தெருப் பெண்கள் விடவில்லை. சுமக்கிறவர் ஆணாக இருந்தால் என்ன, சுமை சுமைதானே என்றார்கள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வீட்டின் பின்புறம் வரிசையாக அண்டாக்கள். சமைத்தவர் உலகநாதன். திருநெல்வேலி வட்டாரத்தில் அவர் கை படாத கல்யாணப் பந்தி குறைவு. டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிய பிறகு உப்பும் தண்ணீரும் அளந்துதான் உள்ளே போக வேண்டும் என்பதால், அவர் எதையும் ருசி பார்ப்பதில்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, முகர்ந்து பார்த்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்.

வந்ததிலிருந்து உலகநாதன் மச்சினனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு வருடமாகவே பேச்சு கிடையாது.

காரணம் குற்றாலிங்கத்தின் கல்யாணம். அதற்குச் சமைக்க வேறொரு சமையல்காரரை அமர்த்தியிருந்தார். வீட்டிலேயே பெரிய சமையல்காரர் இருக்க, வெளியாளைக் கூப்பிட்டால் அதற்கு என்ன அர்த்தம்? உலகநாதன் மொய் எழுதிவிட்டு, இலையில் உட்காராமல் போய்விட்டார். அன்று முதல் இரு வீட்டுக்கும் இடையே எல்லாச் சொல்லும் ஆவுடை வழியாகத்தான் போய்வந்தது. வயிற்றில் வித்து நட்டதும் அப்படித்தான். "நான் சுமக்கேன்னு அத்தான்ட்ட சொல்லு." "சரின்னு உன் தம்பிகிட்ட சொல்லு." அவ்வளவுதான் பேச்சு.

இப்போதும் இரண்டு பேரும் பத்தடி தூரத்தில்தான் இருந்தார்கள்.

"புளியோதரைல உப்பு ஒரு கல்லு கம்மி. சொல்லுக்கா."

"எனக்கு உப்பு ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். உன் தம்பிக்குத் தெரியாதான்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்கு?" என்றார் ஆவுடை. "எனக்கு மட்டும் இந்த வேலைக்குச் சம்பளம் யாரு தருவா?"

மறுநாள் காலையில் ஸ்கேன்.

அந்த மருத்துவமனையில் சுமப்பவர்களுக்கென்று தனிக் காத்திருப்புக் கூடம் உண்டு. அங்கே உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தால் ஒன்று விளங்கும். பெரும்பாலும் பெண்கள். மாமியாருக்குக் கல்லீரல் சுமக்கும் மருமகள், அண்ணனுக்குச் சுமக்கும் தங்கை, கணவனுக்குச் சுமக்கும் மனைவி. ஆண் ஒருவர் உள்ளே வந்தால், துணைக்கு வந்தவர் என்று நினைத்து, உட்காரத் தராமல் நாற்காலியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். கல்யாண விளம்பரங்களில் 'சுமக்கச் சம்மதம்' என்ற சொல் இரண்டு வருடங்களாகத் தென்படுகிறது. அதை எந்த மணமகன் விளம்பரத்திலும் பார்த்தவரில்லை.

டாக்டர் ஹாஜரா திரையைக் காட்டினார். அத்தானின் சிறுநீரகம் பளபளவென்று ரத்தம் பாய்ந்து, திரையில் சிவப்பும் நீலமுமாகத் துடித்தது. குற்றாலிங்கம் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்குல்லா? அத்தான் மாதிரியே குண்டா."

"அது ரொம்ப நல்லா இருக்கு. உங்களோடதுதான் நல்லா இல்லை."

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "உங்க சொந்தக் கிட்னி ரெண்டும் ஓய்ஞ்சுக்கிட்டு வருது. நாங்க குடுத்த மாத்திரைதான் காரணம். வித்தை அந்த மருந்தைத் தாங்குற மாதிரி செஞ்சிருக்கோம். உங்களோடது அப்படி இல்லையே. அபூர்வமா இப்படி ஆகும்னு ஆரம்பத்துலயே சொல்லியிருந்தோம்."

"சொன்னீங்க. அந்த அபூர்வம் வேற யாராவதுன்னு நினைச்சேன்."

"போன மாசம் வரைக்கும் ரத்தத்துல ஒண்ணுமே தெரியலை. ஏன்னா உள்ள இருக்கற புதுசு எல்லா வேலையையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. இப்ப உங்களைக் காப்பாத்திக்கிட்டு இருக்கறது அதுதான்."

"எடுத்துட்டா?"

"நாலஞ்சு வருஷம் ஓட்டலாம். அப்புறம் நீங்களும் மெஷின்ல படுக்கணும். எடுக்காம விட்டா, மாத்திரையைப் போட்டுக்கிட்டு நல்லா வாழலாம்."

"எடுக்காம விட்டா அத்தானுக்கு?"

டாக்டர் ஹாஜரா பேனாவை மூடினார். "ஊசி குத்த அவர் கையில நரம்பே இல்லை. கழுத்து வழியா ஓட்டிக்கிட்டு இருக்கோம். ஒரு வருஷம் தாங்கும்னு நினைக்கறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியலை."

குற்றாலிங்கத்தின் கையில் முந்தின நாள் எப்படியோ ஒரே ஒரு வளையல் ஏறியிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"ஏத்தின ஆளைப் பாதி வழில இறக்கி விடுத பழக்கம் எனக்கு இல்ல டாக்டர். குறிச்ச தேதில எடுத்திருங்க."

"எனக்கு நீங்களும் நோயாளிதான். அவர் மட்டும் இல்லை."

"என் வயித்துக்குள்ள இருக்கற வரைக்கும் அது என்னோடதுன்னுதான சட்டம்? என்னோடதைக் குடுக்கேன். அத்தானுக்கும் அக்காவுக்கும் இது தெரியக் கூடாது. தெரிஞ்சா அவுக வாங்க மாட்டாக."

"அவங்களுக்கு நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனா உங்க மனைவிகிட்ட நீங்களே சொல்லணும். சொன்ன பிறகுதான் ஆபரேஷன்."

அன்று மாலை செண்பகம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது குற்றாலிங்கம் சொன்னார். செண்பகம் ஒரு சட்டையை மூன்று தடவை மடித்து மூன்று தடவை பிரித்தார்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியளா?"

"இப்பச் சொல்லுதேன்லா."

"சொல்லுதது வேற, கேக்கது வேற."

"கோட்டிக்காரி மாதிரிப் பேசாத. அவுக செத்துப் போவாக செண்பகம். அக்காவை நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்க?" என்றவர், மனைவியின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "எந்த மனுஷங்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

செண்பகம் மடியிலிருந்த சட்டையை ஓரமாக வைத்தார். பிறகு சத்தியம் செய்தார்.

அறுவைக்கு முன்னால் 'கேட்பு' என்று ஒன்று நடக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் சம்மதத்தை வீட்டில் எவரோ ஒருவர் சொல்வார், சுமந்தவர் தலையாட்டுவார். தலையாட்டிய சிலர், மாமியார் தங்கள் கையைக் கிள்ளிப் பிடித்திருந்ததைப் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதனால் இப்போது, பெறுபவர் தன் வாயால், நேருக்கு நேர், சுமந்தவரிடம் கேட்க வேண்டும். சுமந்தவர் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆள் குறுக்கே பேசக் கூடாது. கேட்காததை எடுக்க முடியாது. கொடுக்காததையும் எடுக்க முடியாது.

கேட்பு அலுவலர் ஸ்டெல்லா கேமராவை ஓடவிட்டார். வருபவர்கள் அழுவதையும் கும்பிடுவதையும் காலில் விழுவதையும் பார்த்துப் பழகியவர். மேசையின் ஒரு பக்கம் குற்றாலிங்கம். மறுபக்கம் உலகநாதன், இஸ்திரி போட்ட வேட்டி, கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டிய குழாய். சுவரோரம் ஆவுடையும் செண்பகமும் டாக்டரும்.

"ஐயா, நீங்க கேக்கலாம்."

உலகநாதன் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஆவுடை, உன் தம்பிகிட்ட..."

"ஐயா, அவங்க வழியா கேக்கக் கூடாது."

"பழக்கதோஷம்மா."

"தம்பியைப் பாத்துக் கேளுங்க."

உலகநாதன் தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். கடைசியில் ஆறு வருடத்துக்குப் பிறகு மச்சினனின் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ளே."

சுவரோரத்தில் ஆவுடை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க அத்தான்."

"உன் கல்யாணத்துக்கு என்னைய ஏன்டே அடுப்படிக்குக் கூப்பிடல?"

ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையமர்த்தினார்.

"ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வேர்த்து வடிஞ்சுக்கிட்டு நிக்கிய. என் கல்யாணத்துலயாவது மணவறைக்குப் பக்கத்துல பட்டு வேட்டியோட உக்காரணும்னு நினைச்சேன் அத்தான்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"அக்காகிட்ட சொல்லி விட்டேனே!"

இரண்டு பேரும் ஆவுடையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடையின் முகத்தில் ஏதோ மெல்ல மெல்ல நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

"கல்யாண வீட்டுல ஆயிரம் சோலி" என்றார் அவர், மிகவும் சிறிய குரலில். "மறந்துட்டேன் போல."

முதலில் சிரித்தவர் உலகநாதன்தான். கழுத்துக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். குற்றாலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஸ்டெல்லா கேமராவைப் பார்த்து, இது பதிவாகலாமா கூடாதா என்ற குழப்பத்தில் இருந்தார்.

"சரிங்க ஐயா, இப்பக் கேளுங்க."

"கேக்க மாட்டேன்" என்றார் உலகநாதன்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"அது உனக்குள்ள நல்லா வேகுது மாப்ளே. கொதிச்சுக்கிட்டு இருக்கற உலையைக் கீழ இறக்குத பழக்கம் எனக்குக் கிடையாது. நீயே வச்சுக்கோ."

குற்றாலிங்கம் எழுந்துவிட்டார். "யாரு சொன்னா? டாக்டர், நீங்களா?"

"நான் இல்லை" என்றார் ஹாஜரா. அவர் முகத்தைப் பார்த்தாலே உண்மை என்று தெரிந்தது.

"அவுகளை ஏன் மிரட்டுத? எங்க வீட்டு அண்டா சொல்லிச்சு" என்றார் உலகநாதன்.

குற்றாலிங்கம் மெதுவாகச் சுவரோரம் திரும்பினார். செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நடந்தது இதுதான். முந்தின வாரம், வளைகாப்புக்கு வந்த அண்டா ஒன்று வீட்டில் தங்கிவிட்டதென்று அதைத் திருப்பிக் கொடுக்கச் செண்பகம் உலகநாதன் வீட்டுக்குப் போயிருந்தார். உலகநாதன் தின்பண்டத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தார். செண்பகத்தோடும் அவருக்குப் பேச்சில்லை. செண்பகம் அண்டாவைத் தரையில் வைத்தார். அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அண்டாவைப் பார்த்தே முழுக்கதையையும் சொன்னார். 'உன்னையும் இப்படித்தான அண்டாவே, கேக்காமலே தூக்கிட்டுப் போய் அடுப்புல வைக்காங்க' என்று முடித்துவிட்டு எழுந்து போனார். எந்த மனுஷரிடமும் அவர் சொல்லவில்லை. உலகநாதன் அன்று வெல்லத்தைத் தட்டி முடிக்கவே இல்லை.

"நான் குடுக்கேன்னு சொல்லுதேன். எழுதிக்கிடுங்க மேடம்" என்றார் குற்றாலிங்கம்.

"அவர் கேக்காம நீங்க குடுக்க முடியாது சார்."

"இது என்ன சட்டம்? குடுக்கறவனைக் காப்பாத்தத்தான போட்டீங்க?"

"இப்ப அதைத்தான் செய்யுது" என்றார் ஸ்டெல்லா.

குற்றாலிங்கம் பொத்தென்று உட்கார்ந்தார். ஆவுடை கணவனிடம் வந்து தோளில் கை வைத்தார். ஒரு வருடம் என்பது அவருக்கும் தெரியும்.

திடீரென்று குற்றாலிங்கம் நிமிர்ந்தார். மேடு ஏறும்போது கியர் மாற்றுகிற வேகம் அவர் குரலில் இருந்தது.

"டாக்டர், இதை நான் வச்சுக்கிட்டா மாத்திரை எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"எப்படியும் போடணும். அதே மாத்திரை இன்னொரு வித்துக்கும் போதும்லா?"

டாக்டர் ஹாஜரா அவருடைய மருத்துவக் கோப்பைப் புரட்டினார்.

"என் பழைய கிட்னி போனா போகுது. புதுசுதான் மருந்தைத் தாங்கும்னு நீங்கதான சொன்னிய. வலப்பக்கம் இது இருக்கட்டும். இடப்பக்கம் காலியாத்தான கிடக்கு? அங்கன ஒண்ணு நடுங்க. எட்டு மாசம். அத்தானுக்கு ஒரு வருஷம் இருக்கு!"

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். கையிலிருந்த கோப்பை இறக்கி வைத்தார், மறுபடி எடுத்தார்.

"இதுவரைக்கும் யாரும் செஞ்சது இல்லை."

"செய்யக் கூடாதுன்னு இருக்கா?"

"அப்படியும் இல்லை. யாரும் யோசிச்சதே இல்லை." அவருடைய குரல் மாறியிருந்தது, வார்த்தைகள் ஒன்றை ஒன்று முந்தின. "ஒரு கிட்னி ரெண்டு பாரத்தைத் தாங்குமான்னு பாக்கணும். தாங்கும்னுதான் தோணுது. வித்து எங்ககிட்ட இன்னும் உறைய வச்சு இருக்கு..." சட்டென்று நிறுத்தினார். "நான் ஆசைப்படறேன். அதனாலயே நான் முடிவு பண்ணக் கூடாது. குழு பாக்கணும். ஆபத்தும் உண்டு."

"தென்காசி ரோட்டுல பஸ் ஓட்டுதேன் டாக்டர். ஆபத்து எனக்குப் புதுசா?"

"எட்டு மாசம் நான் தாங்குவேன்" என்றார் உலகநாதன். "தண்ணியே காட்டாட்டாலும் தாங்குவேன்." அவர் கண்கள் ஈரமாக இருந்தன. மேசையின் மேல் கையை நீட்டி மச்சினனின் மணிக்கட்டைப் பிடித்தார். அங்கே ஏறாமல் ஏறிய அந்த ஒற்றை வளையல் இருந்தது. "கேக்கணும்னா இதைக் கேக்கேன் மாப்ளே..."

"நில்லுங்க" என்றார் செண்பகம்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மொதத் தடவையும் என்னைய யாரும் கேக்கல. ரெண்டாந் தடவையும் கேக்கல. இவுக வயித்துல சுமந்தாக. வீட்டுல யாரு சுமந்தா? ராத்திரி பூரா வாந்தி எடுத்தப்ப சட்டி பிடிச்சது யாரு? இவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டா மெஷினுக்குக் கூட்டிட்டு அலையப் போறது யாரு?"

"சட்டத்துல மனைவியைக் கேக்கணும்னு இல்லம்மா" என்றார் ஸ்டெல்லா. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர்போலக் கேமராவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உலகநாதன் மச்சினனின் கையை விட்டார். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. செண்பகத்தின் முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவரை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "உன் புருஷன இன்னொரு எட்டு மாசம் எனக்குத் தருவியா? மாட்டேன்னாலும் சரிதான். உன் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நான்தான் சமையல்."

அறை முழுவதும் செண்பகத்தின் வாயையே பார்த்தது. ஆவுடை கண்ணை மூடிக்கொண்டார். குற்றாலிங்கம் ஏதோ சொல்லப் போய், சட்டம் நினைவுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் என்னத்தச் சொல்ல அண்ணாச்சி?" என்றார் செண்பகம். "உங்க வீட்டு அண்டாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்."

ஸ்டெல்லாகூடச் சிரித்துவிட்டார். டாக்டர் ஹாஜரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆவுடையும் குற்றாலிங்கமும் உலகநாதனும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

சிரிக்காதவர் செண்பகம் மட்டும்தான். அவர் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.